பெண்டு நிமிந்துரும்

ஏப்ரல் 21, திங்கள்

இந்த டைரியை ஸ்டெல்லா கொடுத்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. நாலு மாதம் கழிந்த டைரியை எதற்கு எனக்குத் தர வேண்டும்? ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கும். என்ன காரியம் என்று இன்னும் தெரியவில்லை. தாள் நல்ல தாளாக இருப்பதால் எழுதுகிறேன்.

எங்கள் நாட்டுப் படகு, 'மரிய நட்சத்திரம்' வள்ளம், இன்றைக்கும் கடலுக்குப் போகவில்லை. கடல் தண்ணீரை எஞ்சினுக்குள் ஏற்றும் குழாயில் ஒரு வளைவுத் துண்டு உண்டு. அதைக் கரையில் எல்லோரும் 'பெண்டு' என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உப்பு அரித்து அதில் ஓட்டை விழுந்துவிட்டது. பழைய மாடல் எஞ்சின் என்பதால் புதுப் பெண்டு சென்னையிலிருந்து வர ஒரு மாதம் ஆகுமாம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் நடக்கிறது. எங்களைப் போன்ற வள்ளக்காரர்களுக்கு வருஷத்தில் நல்ல நாள் என்றால் இதுதான். இப்போது பார்த்து ஒரு மாதம் என்கிறான் அந்த ஸ்பேர் கடைக்காரன். வேறு எவனுக்கோ எடுத்து வைத்துக்கொண்டு என் காதில் பூச் சுற்றுகிறான்.

என் வீட்டுக்காரர் ரெமி வலைக்குப் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். ஸ்டெல்லாவின் புருஷன் கஸ்பார் அண்ணன்தான் எங்கள் வள்ளத்துக்கு டிரைவர். அவர் மட்டும் சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். வேலை இல்லாத நாளில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு நிம்மதி எங்கிருந்து வரும்?

என் ஜெராக்ஸ் கடையில் த்ரீ-டி பிரிண்டர் சும்மாதான் கிடக்கிறது. சாவிக்கொத்தும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்கிற மெஷினுக்கு ஒரு குழாய் வளைவு பெரிய விஷயமா? நாளைக்குச் செய்துவிடுகிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

செய்துவிட்டேன்! ஆறு மணி நேரம் ஓடியது மெஷின். பழைய பெண்டை அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து, கறுப்புப் பிளாஸ்டிக்கில் அச்சு அசலாக எடுத்துவிட்டேன். குழாயடியில் மாட்டி ஒரு மணி நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. ரெமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எம் பொண்டாட்டி செஞ்சதுல, பாருங்கல" என்று கரை முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

பிளாஸ்டிக் சுருள் விற்ற பையன் சூடு, வெயில் என்று அன்றைக்கு ஏதோ சொன்னான். விற்கிறவன் ஆயிரம் சொல்வான். விலை கூடின சுருளைத் தலையில் கட்டப் பார்த்தான், அவ்வளவுதான். தவிர, இதற்குள் ஓடப்போவது கடல் தண்ணீர். அது எப்படிச் சூடாகும்?

எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கும்போது கஸ்பார் அண்ணன் பெண்டை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"எஞ்சின் பக்கத்துல இருக்கப் போவுது தங்கச்சி. பெண்டு நிமிந்துரும், பாத்துக்க."

எனக்குத் திக்கென்றது. எத்தனை பேர் நடுவில், எவ்வளவு அமைதியாக! 'பெண்டை நிமிர்த்திருவேன்' என்பது சண்டியர்கள் பேசுகிற பேச்சு அல்லவா? சொந்தக்காரர் என்று பார்க்காமல் என்னையே மிரட்டுகிறார். ஒரு பொம்பளை எஞ்சின் விஷயத்தில் கை வைத்துவிட்டாளே என்ற வயிற்றெரிச்சல். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

வள்ளம் போனது, வந்தது. நல்ல சீலா மீன். பெண்டு கல் மாதிரி இருக்கிறதாம். கஸ்பார் அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

கடை ஜன்னலில் வைத்திருந்த செல்போன் ஸ்டாண்டு, அதே கறுப்புப் பிளாஸ்டிக்கில் செய்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து கூன் போட்டு நிற்கிறது. மத்தியானம் ஸ்டெல்லா வந்து ஜன்னல் ஓரமாகத்தான் நின்றாள். கையை ஊன்றியிருப்பாள். கேட்டால் "நான் தொடவே இல்ல மைனி" என்கிறாள். அப்படியானால் பூனையா வந்து ஊன்றியது?

ஏப்ரல் 26, சனி

இன்னும் இரண்டு வள்ளக்காரர்கள் வந்து அதே பெண்டு கேட்டார்கள். அவர்களுடையதும் இதே பழைய எஞ்சின். செய்து கொடுத்தேன். கடை வாசலில் என் பெயரைச் சொல்லி ஆள் வந்து நிற்பது இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஸ்டெல்லாவுக்கு மூக்கில் வேர்த்திருக்கும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நினைத்தேன். நினைத்த மாதிரியே நடந்துவிட்டது.

வள்ளம் நடுக்கடலில் நின்றுவிட்டது. வலை விட்டு எஞ்சினை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் ஏறவில்லை, எஞ்சின் கொதித்துப் புகை வந்திருக்கிறது. கஸ்பார் அண்ணன் பெண்டைக் கழற்றிவிட்டு ரப்பர் ஹோஸை வளைத்துக் கம்பி போட்டுக் கட்டி எப்படியோ கரை சேர்த்தார். ரெமி வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், வலையோடு நின்றதால் எதையும் கிட்டப் பார்க்கவில்லை.

நான் கடற்கரைக்கே போய்க் கேட்டேன்.

"பெண்டு எங்க?"

"கடல்ல விழுந்துட்டு தங்கச்சி."

"எப்படி விழும்?"

அவர் ரெமியைப் பார்த்தார், பிறகு மணலைப் பார்த்தார். "கிளிப்ப நான்தான் ரொம்ப முறுக்கிட்டேன். வெடிச்சிட்டு. என் தப்புதான்."

கேட்டீர்களா கதையை! அவர் வாயாலேயே வந்துவிட்டது. வேண்டுமென்றே முறுக்கியிருக்கிறார். தடயம் இருக்கக் கூடாது என்று கடலிலும் போட்டுவிட்டார். 'பெண்டு நிமிந்துரும்' என்று சொல்லிச் சரியாக ஒரு வாரம், செய்தே காட்டிவிட்டார். மற்ற இரண்டு வள்ளங்களில் அதே பெண்டு நன்றாகத்தானே ஓடுகிறது? எங்கள் வள்ளத்தில் மட்டும் ஏன் வெடிக்க வேண்டும்?

ரெமியிடம் சொன்னால், "மாப்ள அப்படிச் செய்ய மாட்டான்டி" என்கிறார். இவர் ஒரு அப்பாவி. யார் எது சொன்னாலும் நம்புவார். அதனால்தான் இந்த வீட்டில் நான் ஒருத்தி கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

புதுப் பெண்டு. இந்தத் தடவை இரண்டு மடங்கு தடிமன். இதையும் முறுக்கி உடைக்கட்டும், பார்க்கிறேன்.

மே 3, சனி

இன்றைக்கு இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று. வள்ளம் கரைக்கு வந்து மீனை எல்லாம் இறக்கிய பிறகும் கஸ்பார் அண்ணன் எஞ்சினை நிறுத்தவில்லை. ஸ்லோவில் சும்மா ஓடிக்கொண்டே இருக்கிறது, பதினைந்து நிமிஷம்! அவர் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடிக்கிறார். கடலிலும் வலை விட்ட பிறகு இப்படித்தான் செய்கிறாராம். யார் வீட்டு டீசல்? "ஆறட்டும் தங்கச்சி" என்கிறார். கடல் தண்ணீர் உள்ளே ஓடுகிற எஞ்சின் ஓடி ஓடி ஆறுமாம். எனக்கா காது குத்துகிறார்?

இரண்டு. என்னிடம் பெண்டு வாங்கின அந்த இரண்டு வள்ளத்து டிரைவர்களோடும் ஐஸ் கட்டி உடைக்கிற இடத்தில் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூன்று பேரும் கப்சிப். என்னைப் பற்றித்தான். வேறென்ன?

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். கரண்ட் போனதும் கடையில் உட்கார முடியவில்லை, தலை வெடிக்கிறது. மோர் குடிக்க வெளியே போனவள் லேத் பட்டறை வழியாக வந்தேன். அங்கே யார் என்கிறீர்கள்? கஸ்பார் அண்ணன். கையில் அரித்துப்போன எங்கள் பழைய பெண்டு. பித்தளையில் அதே மாதிரி ஒன்று வார்த்துக் கடைந்து தரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு அண்ணன்?" என்று நேராகவே கேட்டேன்.

"சும்மாதான் தங்கச்சி. கையில ஒண்ணு இருக்கட்டும்னு."

சும்மாவாம்! கரையில் இதே எஞ்சின் எத்தனை ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா? என்னுடையதை உடைத்துக் காட்டிவிட்டுத் தன்னுடையதை எல்லோருக்கும் விற்கப் போகிறார். எல்லாம் இப்போது ஒழுங்காகப் பொருந்துகிறது.

மே 8, வியாழன்

இரண்டு நாளாகச் சமைக்கவில்லை. ரெமிக்குக் கடைசியில் வழிக்கு வர வேண்டியதாயிற்று. மிரட்டினது, முறுக்கினது, கடலில் போட்டது, டீசல், குசுகுசு, லேத் பட்டறை. விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். "உங்க உசிரு அந்த எஞ்சின்ல இருக்கு. அத அந்தாளு கையிலயா குடுக்கப் போறிய?" என்று அழுதேன். அந்த அழுகை மட்டும் நடிப்பில்லை. எனக்கு இவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சாயந்திரம் ரெமி போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன், இல்லாவிட்டால் மழுப்பிவிட்டு வந்துவிடுவார். "மாப்ள, கொஞ்ச நாள் வேற வள்ளம் பாத்துக்க" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கஸ்பார் அண்ணன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. குற்றம் செய்யாதவன் கேட்பானா மாட்டானா? உள்ளே ஸ்டெல்லா மட்டும் விசும்பிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் படி இறங்கும்போது பின்னாலிருந்து சொன்னார்: "மச்சான், எஞ்சின மட்டும் படக்குன்னு நிப்பாட்டிராத. பத்து நிமிஷம் ஸ்லோல விட்டு நிப்பாட்டு."

போகிற போக்கிலும் டீசலைக் கரியாக்க ஒரு யோசனை. தெருமுனை திரும்பியதும் ரெமியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வலை விட்டதும் சாவியைத் திருப்பி நிறுத்துங்கள். ஒரு நிமிஷம்கூட வீணாக ஓடக் கூடாது.

மே 9, வெள்ளி

ரெமியே எஞ்சின் பிடித்துப் போனார். கூட வலை இழுக்கிற இன்னாசியும் இன்னொருவரும். ஒரு குறையும் இல்லை. நேற்றுவரை நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது.

மே 10, சனி

எஞ்சின் வெளியே துப்புகிற தண்ணீர் கொஞ்சம் மெலிந்து வருகிற மாதிரி இருக்கிறது என்றார் ரெமி. பாசி அடைத்திருக்கும் என்றேன். பெண்டைக் கழற்றிப் பார்க்கட்டுமா என்றார். புது ஆட்கள் கழற்றினால் கெடுத்துவிடுவார்கள், வேண்டாம் என்றேன்.

மே 12, திங்கள்

விடியும் முன்னே போனார். வெயில் இப்போதே சுடுகிறது.

மே 13, செவ்வாய்

நேற்று நடந்ததை எழுதியாக வேண்டும்.

காலை பதினொரு மணி இருக்கும். ஸ்டெல்லா கடைக்குள் வந்தாள். எட்டாம் தேதிக்குப் பிறகு அவள் எங்கள் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நானும் சேலையை இழுத்துச் செருகினேன். அவள் ஒரு துணிப்பையை மேஜையில் கவிழ்த்தாள்.

என் பெண்டு. முதல் பெண்டு. கடலில் விழுந்ததாகச் சொன்னது.

அது வெடிக்கவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதில் வளைவே இல்லை. உருகி நீண்டு சுட்டுவிரல் மாதிரி நேராக நின்றது, வாய் மட்டும் நசுங்கிச் சப்பையாகியிருந்தது.

"எஞ்சின நிப்பாட்டுனதும் தண்ணி ஓட்டம் நின்னுருதுல்லா மைனி? அப்பம் எஞ்சின் சூடு பூராவும் இதுலதான் எறங்குதாம். அவிய தொட்டப்ப பிசைஞ்ச மாவு கணக்கா இருந்துச்சாம்."

"பின்ன ஏன்டி எங்கிட்டக் காட்டல?"

"காட்டாதன்னாவ. ரெமி அண்ணன் கரை பூரா பெருமை பேசிட்டுத் திரிஞ்சாவ, எல்லாரும் மைனியப் பாத்துச் சிரிப்பானுவன்னாவ. பித்தளைல ஒண்ணு வந்ததும் சத்தமில்லாம மாட்டிருவோம், அதுவரைக்கும் ஆத்தி ஆத்தி நிப்பாட்டுனாப் போதும்னு இருந்தாவ. மத்த ரெண்டு வள்ளத்துலயும் அதத்தான் சொல்லி வச்சாவ." மூக்கை உறிஞ்சினாள். "அவிய கஞ்சி குடிச்சி நாலு நாளாவுது. அதான் கொண்டாந்தேன். நீங்களே பாருங்க."

நான் அந்தத் துண்டைக் கையில் எடுத்தேன். பெண்டு நிமிந்துரும். அவர் சொன்னது பெண்டைத்தான். இந்தப் பெண்டைத்தான். சூட்டில் வளைவு நிமிர்ந்துவிடும் என்று தமிழில், என் முகத்துக்கு நேராக, எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார்! அதைப் போய் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டவள் நான்.

இருந்தும் என் புத்தி பாருங்கள், அப்போதும் நம்பவில்லை. ஸ்டெல்லாவே அடுப்பில் காட்டிக் கொண்டுவந்திருப்பாளோ என்று தோன்றியது. அலமாரியில் மிச்சம் இருந்த ஒரு புதுப் பெண்டை எடுத்து பிளாஸ்க் வெந்நீரை அதன் மேல் ஊற்றினேன். இரண்டு விரலால் அழுத்தினேன். வளைந்து கொடுத்தது.

அப்போதுதான் ரெமி ஞாபகம் வந்தது. வலை விட்டதும் படக்கென்று நிறுத்துங்கள் என்று சொல்லி அனுப்பியவள் நான்.

செல்போன் நடுக்கடலில் எடுக்காது. சங்கத்துக் கட்டடத்தில் வயர்லெஸ் இருக்கிறது. செருப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாது, ஓடினேன். ஸ்டெல்லாவும் பின்னால் ஓடி வந்தாள். செயலாளர் லிகோரி அண்ணாச்சி மைக்கைக் கையில் கொடுத்து, "எல்லா வள்ளத்துக்கும் கேக்கும், என்ன விஷயம்னு சுருக்கச் சொல்லு" என்றார்.

எல்லா வள்ளத்துக்கும் கேட்கும். ஒளிக்காமல் எழுதுகிறேன்: மைக்கைப் பிடித்ததும் 'பெண்டு லூசாகிவிட்டது, கழற்றுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடத்தான் நினைத்தேன். அது போதும்தான். ஆனால் காரணம் தெரியாமல் ரெமி எஞ்சினை நிறுத்திக் கழற்றப் போவார், அதுதானே ஆபத்து? மற்ற இரண்டு வள்ளமும் கடலில்தான் இருக்கின்றன. ஸ்டெல்லா வேறு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மரிய நட்சத்திரம், மரிய நட்சத்திரம். டெல்பின் பேசுதேன். எஞ்சின நிப்பாட்டாதிய. ஸ்லோல வச்சே கரைக்கு வாங்க. நான் செஞ்ச பெண்டு சூடு தாங்காது. உருகிரும். எங்கிட்ட வாங்கின மத்த ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. கஸ்பார் அண்ணன் ஒரு தப்பும் பண்ணல. அவுக முறுக்கல, உடைக்கல. நான்தான் அவுக மேல பழியப் போட்டு வள்ளத்த விட்டு எறக்குனேன். எல்லாம் என் தப்பு."

கொரகொரவென்று சத்தம். முதலில் ஒரு வள்ளம் பேசியது: "எங்களுக்கு ஒண்ணுமில்ல, கஸ்பார் சொன்ன மாதிரி ஆத்தித்தான் நிப்பாட்டுதோம்." அடுத்ததும் அதையே சொன்னது. மரிய நட்சத்திரம் பேசவில்லை. நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

பிறகு ஒரு குரல் வந்தது. "தங்கச்சி, கஸ்பார் பேசுதேன்." வேறொரு வள்ளத்தில் வலை இழுக்கிற வேலைக்குப் போயிருக்கிறார். டிரைவராக இருந்த மனிதர்! "எங்க கண்ணுக்குத் தெரியுது. மச்சான் வள்ளம் நிக்கி. புகை வருது, தண்ணி எறைக்கானுவ. நாங்க கிட்டப் போயிட்டோம். நீ மைக்க வச்சிட்டு உக்காரு. உசிருக்கு ஒண்ணும் இல்ல."

நான் உட்காரவில்லை. கடற்கரையில் வெயிலிலேயே நின்றேன்.

நாலு மணிக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது பெண்டு பிய்த்துக்கொண்டு கடல் தண்ணீர் வள்ளத்துக்குள் பீய்ச்சி அடித்திருக்கிறது. ரெமி எஞ்சின் மூடியைத் திறக்கப் போய் ஆவி அடித்து வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. அரை மணி நேரம் தாமதமாகியிருந்தால் வள்ளம் தாழ்ந்திருக்கும் என்கிறார்கள். மூன்று பேரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது ரெமி என்னைப் பார்த்தார், திட்டவில்லை. வயர்லெஸ்ஸில் நான் பேசினது அவருக்குக் கேட்டிருக்கிறது, பதில் சொல்லத்தான் கை ஒழியவில்லையாம்.

மே 15, வியாழன்

மற்ற இரண்டு வள்ளங்களுக்கும் போய் என் பெண்டுகளை நானே நின்று கழற்றி வாங்கிக்கொண்டேன். லேத் பட்டறையில் பித்தளைப் பெண்டு தயாராகியிருந்தது. கஸ்பார் அண்ணன் எங்கள் எஞ்சினுக்கு ஒன்று மட்டும்தான் செய்யச் சொல்லியிருந்தாராம். விற்பதற்கு இல்லையாம். பட்டறைக்காரர் சொன்னார்.

மே 18, ஞாயிறு

பூசை முடிந்து நேராகக் கஸ்பார் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரெமி வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். என் வாய் செய்ததற்கு என் வாய்தான் போக வேண்டும்.

வாசல் நிழலில் தூண்டில் நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. "மன்னிச்சிருங்க அண்ணன்" என்பது மட்டும்தான் வந்தது.

"சரி விடு. மச்சான் கை எப்படி இருக்கு?"

"ஆறிட்டு வருது. நாளைக்கு வள்ளத்துக்கு வாருவியளா?"

"இல்ல தங்கச்சி. வேற வள்ளத்துல வாக்குக் குடுத்திட்டேன்."

"எம்மேல கோவமா?"

சிக்கெடுத்த நரம்பை விரலில் சுற்றினார்.

"கோவம் இல்ல. ஒரு வருத்தம் இருக்கு. உனக்குக் கடைக்காரன் சொன்னா நம்பிக்கை கிடையாது, ஸ்டெல்லா சொன்னா நம்பிக்கை கிடையாது, கட்டின புருஷன் சொன்னாலும் கிடையாது. நான் உம்மானத்துக்காக, என் தப்புன்னு ஒரேயொரு பொய் சொன்னேன். அத மட்டும் ஒடனே நம்பிட்டியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஸ்டெல்லா உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறி ஏடு கட்டுகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.